சிலை போகும் பாதை: கும்பல் கதையாட்டத்தை நடத்தும் முறை

முதலில் ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். பகடையும் ஆட்டத்தாள்களும் பிறகு. தாளின் அடிப்பகுதியில், மேற்கிலிருந்து கிழக்காகக் கொள்ளிடத்தை வரையுங்கள். அதற்கு மேலே, தாளின் வலப்பக்கமாக, கங்கைகொண்ட சோழபுரத்து விமானம். கோயிலுக்கு மேற்கே பொன்னேரி, அதாவது ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம். கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் சாலையைக் கோயிலை ஒட்டி இழுத்து, தெற்கே அணைக்கரையையும் வடக்கே மீன்சுருட்டியையும் குறியுங்கள். மேற்கே ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், இன்னும் மேற்கே அரியலூர். தென்மேற்கில் சுத்தமல்லி, ஸ்ரீபுரந்தான். செம்மண் இருக்கும் இடங்களில் முந்திரித் தோப்புகள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும். தாள் நிறைந்துவிடும். அடுத்த பத்து வாரங்களுக்கு உங்கள் கும்பலின் உலகம் இதுதான்.

கும்பல் கதை என்றதும் புதிதாக வருகிறவர்கள் வடசென்னையையோ மும்பைத் துறைமுகத்தையோ கேட்பார்கள். சினிமா பழக்கிய இடங்கள் அவை. நான் அவற்றை விட்டு இந்தப் பகுதியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பூட்டிக் கிடந்த ஒரு கிராமத்துக் கோயிலில் தொடங்கி, நியூயார்க்கின் மேடிசன் அவென்யூ வழியாக, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய்த் திரும்பிய ஒரு திருட்டின் முழுச் சங்கிலியும் இங்கேதான் தொடங்குகிறது. அதன் ஒவ்வொரு கண்ணியும் நீதிமன்றத்திலும் செய்தித்தாளிலும் பதிவாகியிருக்கிறது. ஆட்டம் நடத்துகிறவருக்கு இதைவிட நல்ல கச்சாப்பொருள் கிடைக்காது. அதோடு, இழந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டாவது காரணத்தைச் சுற்றித்தான்.

நடந்தது என்ன

ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் பல ஆண்டுகளாகப் பூசையில்லாமல் பூட்டிக் கிடந்தது. செப்புத் திருமேனிகள் உள்ளேயே இருந்தன. 2006-இல் அங்கிருந்து நடராஜர் திருடப்பட்டார். 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்தச் சிலையை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். அதே 2008-இல், சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப் போக அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் இழப்பு ஊருக்குத் தெரிந்தது. பக்கத்துச் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் சிலைகள் போயிருந்தன.

கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியில் பிடிபட்டார். 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார். சுத்தமல்லிச் சிலைகள் வழக்கில் கபூருக்கும் கூட்டாளிகளுக்கும் கும்பகோணம் நீதிமன்றம் தண்டனை சொன்னது 2022 நவம்பர் 1-இல். கபூருக்குப் பத்தாண்டுச் சிறை.

இந்த ஆண்டுகளை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். 2006, 2008, 2011, 2014, 2022. கும்பல் கதையை நடத்துகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லா விளைவுகளையும் மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து நிறுத்துவது. திருடிய இரவே போலீஸ் ஜீப் வந்தால் அது வெறும் துரத்தல். இரண்டு வருடம் ஒன்றுமே நடக்காமல், பிறகு ஒரு கதவு திறக்கப்பட்டால்தான் அது கதை.

ஒரு குறிப்பு. மேலே சொன்ன மனிதர்களையோ, வழக்கில் பெயர் வந்த வேறு யாரையுமோ ஆட்டத்தில் பாத்திரமாக்காதீர்கள். சங்கிலியின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்களை நீங்களே உருவாக்குங்கள். கோயிலுக்கும் கற்பனையான ஓர் ஊர்ப் பெயர் வையுங்கள். ஸ்ரீபுரந்தான் மக்கள் நிஜமாகவே இழந்தவர்கள். அவர்கள் தெருவை நம் விளையாட்டுக் களமாக்குவது முறையல்ல.

எந்த விதிகள்

நான் பயன்படுத்துவது ஜான் ஹார்ப்பர் எழுதி 2017-இல் வெளிவந்த 'பிளேட்ஸ் இன் தி டார்க்' கதையாட்டத்தின் விதிகள். 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி வைத்த மரபில் ஒவ்வொரு வீரனுக்கும் தனித் தாள் உண்டு. ஹார்ப்பர் கும்பலுக்கும் ஒரு தாள் கொடுத்தார். ஆட்கள் மாறலாம், சிறைக்குப் போகலாம், சாகலாம். கும்பலின் தாள் தொடரும். அதன் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்து விடப்பட்டிருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நாம் தமிழில் எழுதிக்கொள்ளலாம். எங்கள் மேசையின் தாள்கள் எல்லாம் அப்படித் தமிழாக்கியவைதான்.

விதி எளிது. பரமபத டப்பாவில் வரும் ஆறுமுகப் பகடை ஆறு இருந்தால் போதும். பாத்திரத்தின் திறமைக்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று பகடை உருட்டி, விழுந்ததில் பெரிய எண்ணை மட்டும் பாருங்கள். 6 விழுந்தால் நினைத்தது நடக்கிறது. 4 அல்லது 5 என்றால் நடக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று கெடுகிறது. 1 முதல் 3 வரை என்றால் நிலைமை மோசம். இரண்டு பகடை உருட்டினால் முழு வெற்றிக்கு நூற்றுக்கு 31, 'ஆனால்' வருவதற்கு 44, தோல்விக்கு 25 என்ற கணக்கு வரும். அந்த 44-ஐக் கவனியுங்கள். இந்த ஆட்டத்தின் உயிர் அதில்தான். ஒவ்வொரு முறையும் 'நடந்தது, ஆனால்...' என்று சொல்ல உங்களிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும்.

உருட்டுவதற்கு முன் நிலைமை எவ்வளவு மோசம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தா, தலைபோகிற நிலையா? வெற்றி பெற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆடுகிறவர் அதைக் கேட்டுவிட்டு வேண்டாமென்று பின்வாங்கலாம். ஒளித்து வைத்துப் பிறகு தண்டிப்பது இந்த ஆட்டத்தில் கிடையாது.

ஒவ்வொருவர் தாளிலும் 'அழுத்தம்' என்று ஒன்பது கட்டங்கள். தன்னைக் கூடுதலாக வருத்தி ஒரு பகடை சேர்க்க இரண்டு கட்டம், கூட்டாளிக்குக் கை கொடுக்க ஒரு கட்டம். கெட்ட விளைவைத் தடுக்க நினைத்தால் பகடை உருட்டி, பெரிய எண்ணை ஆறிலிருந்து கழித்து, மீதியை அழுத்தமாக ஏற்க வேண்டும். ஒன்பதும் நிறைந்தால் மனதில் நிரந்தரமான ஒரு வடு. நான்கு வடு விழுந்தவர் இந்த வாழ்க்கையை விட்டே போகிறார்.

ஹார்ப்பரின் கதை நடக்கும் டாஸ்க்வால் நகரத்தில் பேய்கள் உலவும். நம் ஆட்டத்துக்குப் பேய் தேவையில்லை. சாமியைத் தூக்குகிறோம் என்ற நினைப்பே போதும். கருவறைக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அழுத்தக் கட்டம் என்று நான் விதி வைத்திருக்கிறேன். நாத்திகப் பாத்திரத்துக்கும் உண்டா என்று கேட்பார்கள். உண்டு. இருட்டில் வௌவால் நெடியடிக்கும் மண்டபத்தில், தீப்பெட்டி வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு கணம் நிற்பார்.

கும்பலில் யார் யார்

நான்கு பேர் போதும். பூட்டும் கதவும் அறிந்தவர் ஒருவர். பேச்சுக்காரர் ஒருவர், ஊருக்குள் புகுந்து டீக்கடையில் உட்கார்ந்து விவரம் பிடிப்பவர். லாரிக்காரர் ஒருவர். நான்காமவர் வார்ப்புத் தொழில் தெரிந்த ஸ்தபதி.

ஸ்தபதியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வதற்கு ஒரு பழைய வழக்கு காரணம். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1950-களில் நடராஜரைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளைக்குப் போனது. கோயிலில் இருப்பது போலி என்று 1960-களில் எழுதியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். அதுவரை ஊர் நகலுக்குத்தான் பூசை செய்தது. அசல் 1980-களில் திரும்பியது. பூட்டை உடைக்காமல், இரவில் நடக்காமல், பழுது பார்க்கிறேன் என்று வாங்கியே ஒரு திருட்டு முடிந்துவிட்டது. உங்கள் ஸ்தபதிப் பாத்திரத்துக்கு இது ஐந்து அமர்வுகளுக்குத் தாங்கும். அவருடைய கை வேலைக்குத் தனி மரியாதை கொடுங்கள். மெழுகில் வடித்து, மண் பூசி, உலோகம் ஊற்றும் அந்த வேலையை அவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு பெரிய குற்றம் ஆகிறது. அந்த இறுக்கத்தை ஆடுகிறவர் உணர வேண்டும்.

கும்பலின் இருப்பிடம் ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்பில் ஒரு கொட்டகை. வண்டி, சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி. அரியலூர்ச் சாலைகளில் இரவும் பகலும் ஓடுகிற வண்டி அது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் மேசையில் உட்காருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கும்பலுக்குச் சாதி கிடையாது. எந்தச் சமூகத்தின் பெயரும், அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமும் வேண்டாம். 1871-இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. அது நீங்கியது சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-இல். அந்தச் சட்டத்தின் நிழல் காவல் நிலையங்களில் இன்னும் சிலர் மேல் விழுகிறது. பொழுதுபோக்குக்காக உட்காரும் மேசையில் அதைத் திரும்பக் கொண்டுவர நமக்கு உரிமையில்லை. மேசையில் யாருக்காவது ஒரு காட்சி தாங்காவிட்டால் தொட்டுக் காட்ட நடுவில் ஒரு சீட்டு வையுங்கள். தொட்டவரிடம் காரணம் கேட்கக் கூடாது. காட்சியை மாற்றிவிட்டு மேலே போக வேண்டும்.

ஸ்கெட்ச் போட உட்காராதீர்கள்

என் முதல் ஆட்டம் இங்கேதான் செத்தது. கோயிலுக்குள் எப்படி நுழைவது என்று நான்கு பேரும் இரண்டரை மணி நேரம் பேசினார்கள். சுவர் எவ்வளவு உயரம், நாய் இருக்கிறதா, கரெண்டு எப்போது போகும்? நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பகடை ஒருமுறைகூட உருளவில்லை. பத்தரை மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஹார்ப்பரின் விதி இதற்கு மருந்து வைத்திருக்கிறது. எந்த வகைத் திட்டம் என்று மட்டும் கேளுங்கள். பதுங்கிப் போவதா, ஏமாற்றி நுழைவதா, அடித்து நுழைவதா? பிறகு அந்தத் திட்டத்துக்குரிய ஒரே ஒரு விவரம். பதுங்கிப் போவதென்றால் எந்த வழியாக? ஏமாற்றுவதென்றால் என்ன வேடத்தில்? அவ்வளவுதான். ஒருமுறை பகடையை உருட்டி, வேலையின் நடுவிலேயே காட்சியைத் தொடங்குங்கள். 'மணி ஒன்று. சுற்றுச்சுவரைத் தாண்டியாயிற்று. நிலைக்கதவின் முன் நிற்கிறீர்கள். பூட்டில் துரு. பக்கத்தில் எங்கேயோ இருமல் சத்தம்.'

அப்படியானால் முன்னேற்பாடு? அதற்குத்தான் பிளாஷ்பேக். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். இருமல் சத்தம் கேட்டதும் பேச்சுக்காரர், 'நேற்றே அந்தப் பெரியவரைப் பார்த்துப் பேசிவிட்டேன்' என்று சொல்லி அந்தக் காட்சியை ஆடிக்காட்டலாம். எளிய ஏற்பாடு என்றால் இலவசம். கொஞ்சம் சிக்கலானது என்றால் ஒரு கட்டம் அழுத்தம். நம்பக் கடினமானது என்றால் இரண்டோ அதற்கு மேலோ. கருவிகளும் அப்படியே. இத்தனை சாமான் சுமக்கிறேன் என்று அளவை மட்டும் முதலில் சொன்னால் போதும். தேவைப்படும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

திட்டமே இல்லாமல் ஆட மனம் ஒப்பாதவர்களுக்கு நான் சிலப்பதிகாரத்திலிருந்து ஒரு கருவி செய்து வைத்திருக்கிறேன். கோவலன்மேல் பழி போடும் பொற்கொல்லன், கள்வர்களின் தொழிலுக்குத் துணை நிற்பவை என்று எட்டைக் கணக்குச் சொல்வான். காலம், இடம், கருவி, நிமித்தம், தெய்வம், மருந்து, மந்திரம், தந்திரம் ஆகிய எட்டும் அதில் அடக்கம். இந்த எட்டையும் எட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் பரப்புங்கள். ஒவ்வொருவரும் ஒரு வேலைக்கு ஒரு சீட்டை எடுத்து அந்த ஒன்றில் மட்டும் ஒரு முன்னேற்பாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். காலம் எடுத்தவர், 'அமாவாசைக்கு மறுநாள்' என்பார். மருந்து எடுத்தவர் நாய்க்குப் போட்ட சோற்றைச் சொல்வார். எடுக்காமல் மிஞ்சும் நான்கு சீட்டுகள் உங்களுக்கு. அவை எங்கே கவனிக்காமல் விட்டார்கள் என்பதைச் சொல்லும். 'ஆனால்' வாக்கியத்தை அவற்றிலிருந்தே எடுங்கள். நிமித்தத்தை யாரும் தொடவில்லையா? கதவு திறக்கும் நேரத்தில் பல்லி சொல்லட்டும், லாரிக்காரர் தயங்கட்டும்.

அந்தப் பட்டியலைச் சொன்னவன்தான் சிலம்பைத் திருடியவன், அவன் போட்ட பழியால் செத்தவன் குற்றமற்றவன் என்பதை ஆடுகிறவர்களுக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள். உங்கள் கும்பல் செய்த வேலைக்கு ஊரில் வேறு யாரோ, பெரும்பாலும் கோயிலைப் பெருக்கியவரோ காவல் இருந்தவரோ, காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்படுவார். அந்த ஆளுக்கு முன்கூட்டியே ஒரு முகம் கொடுத்து வையுங்கள்.

ஒரு காட்சி

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் அமர்வு. கோயில் பூட்டியிருந்தாலும், மாலையில் வெளிவாசற்படியில் ஒரு பாட்டி அகல் விளக்கு வைத்துவிட்டுப் போவார் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். பேச்சுக்காரரும் பூட்டுக்காரரும் மின்வாரிய ஊழியர் வேடத்தில் நோட்டம் பார்க்க வந்திருந்தார்கள். பேச்சுக்காரர் இரண்டு பகடை உருட்டினார். 2, 5. நடந்தது, ஆனால்.

நான் பாட்டியின் குரலில் கேட்டேன்: "யாருப்பா? கரெண்டு ஆபீசா?"

"ஆமா பாட்டி. மீட்டர் பாக்க வந்தோம்."

"உள்ள விளக்கே எரியலியே, எதுக்குப்பா மீட்டரு? போட்டுக் குடுக்கப் போறீங்களா? நல்லா இருங்க. இருங்க, மோர் கொண்டாறேன்."

அந்த 'ஆனால்' அவ்வளவுதான். நம்பிவிட்டார். மோர் வந்தது. இருவர் முகமும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட, கோயிலுக்கு வெளிச்சம் வரப்போகிறது என்று அவர் தெருவெல்லாம் சொல்லப் போகிறார். பூட்டுக்காரராக ஆடியவர் அரை நிமிடம் பேசவில்லை. பிறகு, 'நான் மோரைக் குடிக்கிறேன்' என்றார். குடிப்பதற்கு விதியில் பகடை இல்லை. அவரே தன் தாளில் ஓர் அழுத்தக் கட்டத்தைக் கறுப்பாக்கினார்.

இப்படி ஒரு கணத்துக்காகத்தான் இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். பாட்டியை நான் போலீஸ் உளவாளியாகவோ தடையாகவோ வைக்கவில்லை. கோயில் அவருடையது, அவ்வளவுதான். கும்பல் கதையில் எதிராளி என்றதும் போலீசும் போட்டிக் கும்பலும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களோடு மோதுவது சுகமானது, இருபக்கமும் ஆயுதம் இருக்கிறது. ஆயுதமில்லாத பக்கத்தை மேசையில் உட்கார வைப்பதுதான் நடத்துகிறவரின் முதல் கடமை என்று நான் நம்புகிறேன். அது இல்லாவிட்டால் நாம் திருட்டை மட்டும் ரசித்துக் கொண்டிருப்போம்.

அதற்கு நான் வைத்திருக்கும் வழக்கம் மூன்று வரி. சிலை எதுவாக இருந்தாலும், வேலைக்கு முந்தைய வாரமே ஒரு சீட்டில் எழுதுங்கள்: அதன் நாள் எது, அதற்கென்று இருக்கும் மனிதர் யார், அது போனால் எந்த இடம் காலியாகும். நடராஜர் என்றால் நாள் மார்கழித் திருவாதிரை. மனிதர், விளக்கு வைக்கும் பாட்டி. காலியாவது, கோயில் திறந்து சாமி புறப்பட்ட காலத்தை அவர் பேத்திக்குச் சொல்லும் கதை. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். எப்போது திருப்புவது என்பது பின்னால்.

கடிகாரங்கள்

மெல்ல நெருங்கும் எதையும் வட்டம் போட்டு, நான்கு, ஆறு, எட்டுப் பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றாக நிரப்புவது ஹார்ப்பர் முறை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கடிகாரம் வையுங்கள், வரைபடத்தின் மேலேயே.

சென்னைத் தரகருக்கு ஆறு பங்கு. சிலையைப் புதிய கைவினைப் பொருள் என்று காட்டி, தொன்மையற்றது என்ற சான்றிதழோடு பெட்டியில் அடைத்து அனுப்புவது அவர் வேலை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலையைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால்தான் பழையதைப் புதியதாக்கும் இந்தக் காகித வேலை. தரகரின் கடிகாரம் நிறைந்தால் சிலை கப்பலேறிவிடும். பிறகு கும்பல் மனம் மாறினாலும் பயனில்லை.

சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எட்டு. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவு 1983-லேயே தொடங்கப்பட்டது. இதைக் கும்பலின் 'சூடு' கணக்கோடு, அதாவது அவர்கள் மேல் போலீஸ் கவனம் எவ்வளவு விழுகிறது என்ற கணக்கோடு, சேர்த்துவிடுங்கள். சத்தமில்லாமல் முடித்தால் சூடு இல்லை. அடிதடி ஆகிவிட்டால் நான்கு. கொலை விழுந்தால் மேலும் இரண்டு. ஒன்பது சேர்ந்தால் தேடப்படும் நிலை ஒரு படி ஏறும். அந்தப் படி இறங்க விதி காட்டும் வழி, கும்பலைச் சேர்ந்த ஒருவர் சிறைக்குப் போவது. யார் போவது என்று ஆடுபவர்களே முடிவு செய்யட்டும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். எங்கள் மேசையில் மூன்று முறை இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. மூன்று முறையும் லாரிக்காரர் பெயர்தான் முதலில் வந்தது. சங்கிலியின் மறுமுனைக்கு நாங்கள் உருவாக்கிய நியூயார்க் கடைக்காரர் பெயரை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

மூன்றாவது கடிகாரத்தை ஆடுகிறவர்களுக்குக் காட்டாதீர்கள். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தமிழகக் கோயில்களின் சிற்பங்களையும் திருமேனிகளையும் படம் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறது. திருட்டுப் போன சிலைகளை அருங்காட்சியகப் பட்டியலோடு ஒப்பிட்டு அடையாளம் காட்டியவை அந்தப் படங்கள். கும்பலுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர்கள் பூட்டைப் பற்றியும் நாயைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ ஓர் இழுப்பறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காத்திருக்கிறது. இந்தக் கடிகாரத்துக்கு எட்டுப் பங்கு கொடுத்து, அமர்வுக்கு ஒன்று என்று, யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் நிரப்பி வாருங்கள்.

நான்காவது ஊரின் கடிகாரம். அது நிறையும் நாளில் கதவு திறக்கப்படும்.

கதவு திறக்கும் காட்சி

இதற்கு மட்டும் ஒரு தனி அமர்வு ஒதுக்குங்கள். பகடைகளைப் பையில் போட்டுவிடுங்கள். ஆடுகிறவர்கள் தங்கள் கும்பல் பாத்திரங்களை ஓரமாக வைத்துவிட்டு ஊர்க்காரர்களாக மாற வேண்டும். ஒருவர் பாட்டி, ஒருவர் முன்னாள் தர்மகர்த்தா, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் பேத்தி. நீங்கள் அதிகாரி. சிலைகளை மையத்துக்கு எடுத்துப் போக வந்திருக்கிறீர்கள். ஊர் கொடுக்க மாட்டேன் என்கிறது. 'எங்க சாமி இங்கதான் இருக்கும்' என்று அவர்கள் வாதாடட்டும். அவசரப்படுத்தாதீர்கள், அரை மணி நேரம் போனாலும் போகட்டும். சாமியை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்களோ அவ்வளவும் தேவை. பிறகு கதவைத் திறங்கள். உள்ளே பீடம் மட்டும் இருக்கிறது.

இப்போது மூன்று வரிச் சீட்டைத் திருப்பிப் பேத்தியாக ஆடுகிறவரிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் மேசையில் பேத்தியாக ஆடியவர் பூட்டுக்காரராக ஆடியவர்தான். வாசித்துவிட்டு அவர் என்னிடம், 'அண்ணே, அடுத்த வாரம் என் ஆள் என்ன செய்வான்னு எனக்கே தெரியல' என்றார். அடுத்த வாரம் அந்தப் பாத்திரம் சிலைப் பெட்டியைத் தேடிச் சென்னைக்குப் போனது. தரகரின் கடிகாரம் எப்போதோ நிறைந்துவிட்டிருந்தது.

இடையில் வரும் அமர்வுகளுக்கு

ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஓய்வு நேரம் உண்டு. அழுத்தத்தை இறக்கிக்கொள்ளப் பாத்திரங்கள் தங்கள் பலவீனத்துக்குப் போவார்கள். இதைச் சுருக்கமாக முடியுங்கள். பணம் எங்கே போயிற்று என்று மட்டும் கேளுங்கள். தங்கை கல்யாணம், ஆழ்துளைக் கிணறு, சீட்டாட்டம் என்று பதில் வரும். அது போதும்.

ஆட்டக்காரர்கள் எல்லோரையும் ஒருநாள் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஆட வேண்டாம், சும்மா சுற்றிப் பாருங்கள். 55 மீட்டர் விமானத்தின் நிழலில் உட்கார்ந்தால் இந்தக் கதையின் வேறொரு அடுக்கு புலப்படும். கலிங்கத்திலிருந்து போர்ப்பொருளாக வந்த சிற்பங்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் மதில் கற்களை எடுத்துப் போனார்கள்; அணைக்கரைப் பாலத்தைக் கடந்து வரும்போது அந்த அணையைப் பார்த்திருப்பீர்கள். அரசன் கொண்டுவந்தால் வெற்றிச் சின்னம், சர்க்கார் எடுத்தால் பொதுப்பணி. உங்கள் தரகர் பாத்திரம் தன்னை நியாயப்படுத்திப் பேச இதைவிட நல்ல வாதம் கிடையாது. அவர் பேசட்டும். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம்; மோர் கொடுத்த பாட்டியை யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

கடைசி அமர்வு

சிலை திரும்பி வரும் அமர்வு. மறைத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் கடிகாரத்தை இப்போதுதான் மேசையில் போட்டுக் காட்டுகிறீர்கள். இடையில் எட்டாண்டுகள் ஓடிவிட்டன என்று சொல்லிவிடுங்கள். யார் சிறையில், யார் வெளியே, யார் இறந்துவிட்டார் என்று ஒவ்வொருவரும் தன் பாத்திரத்துக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

சிலை வந்ததும் கருவறையில் போய் உட்கார்ந்துவிடுவதாகக் காட்டாதீர்கள். மீட்கப்பட்ட திருமேனிகள் பலவும் பாதுகாப்பு மையங்களின் கம்பிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. உங்கள் ஊரின் நடராஜரும் அங்கேதான் நிற்கிறார். பேத்தி வளர்ந்துவிட்டாள். பாட்டி இருக்கிறாரா இல்லையா என்பதை அவளாக ஆடுகிறவர் முடிவு செய்யட்டும். மார்கழித் திருவாதிரை அன்று ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்து மையத்துக்குப் போகிறார்கள். வேனை ஓட்டுவது யார் என்று லாரிக்காரராக ஆடியவரைப் பார்த்துக் கேளுங்கள். அவர் 'நான்தான்' என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், போகும் வழி முழுவதையும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சிலை போன அதே சாலைதான் அது.